லியூவுக்கு ஒரு வாய் சைனீஸ்

கப்பல் ஏஜென்சி வேலை என்றால் கப்பலைக் கவனிக்கிற வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் சேருகிறோம்; சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, கப்பலில் வருகிறவர்களின் வயிற்றைக் கவனிக்கிற வேலை என்று. எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில். வெளிநாட்டுக் கப்பல் வந்தால் ஏறிப்போய்ப் பேப்பர்களைப் பார்ப்பது, மாலுமிக்குப் பல்வலி என்றால் டாக்டரிடம் அழைத்துப்போவது, சிம் கார்டு வாங்கிக் கொடுப்பது எல்லாம் என் தலையில். இதே பிழைப்பில் இருக்கிற சகோதரர்களே, "இங்கே நல்ல சைனீஸ் எங்கே கிடைக்கும்?" என்று உங்களையும் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டவர் சீனாக்காரராகவே இருந்து, அவர் கல்யாணமே உங்கள் பதிலில் தொங்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

லியூ, எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவந்த கப்பலில் எஞ்சின் ரூம் வேலை பார்த்த இளைஞர். குடல்வால் வீங்கி வலியில் துடித்தவரைத் திருவொற்றியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் முடிந்தது. கப்பல் காத்திருக்குமா? அவரை எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. ஊரில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. தையல் நன்றாக ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் மனிதர் வெந்நீரைத் தவிர எதையும் தொடவில்லை. இட்லி, பிரெட், பாலும் ஏலக்காயும் போட்ட ரவைக் கஞ்சி எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "எழுந்து நின்னாலே தலை சுத்துது, இவரை எப்படிங்க பிளேன்ல ஏத்தறது? காரம், எண்ணெய் இல்லாம இவர் ஊர் சாப்பாடு எங்கயாவது கிடைச்சா கொண்டு வாங்க. சாப்பிட்டாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

ஸ்பெஷல் மரியாதை

டி.எச். ரோட்டில் ஒரு சைனீஸ் பாஸ்ட்புட் வண்டி நிற்கும். முன்பக்கம் நெருப்பு கக்கும் டிராகன் படம், அதன் மூக்குக்கு நேராக எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கும். மாஸ்டர் எனக்குத் தோஸ்து. "காரம் வேணாம், எண்ணெய் வேணாம், சாப்பிடப் போறவர் அசல் சீனாக்காரர்" என்றேன். முதலில் சொன்ன இரண்டும் அவர் காதில் ஏறவில்லை, மூன்றாவது மட்டும் நன்றாக ஏறிவிட்டது. அசல் ஆளுக்குச் சும்மா செய்ய முடியுமா? எனக்குப் போடுவதைப்போல இரண்டு பங்கு சில்லி சாஸ், மேலே சிவப்புப் பொடி, கைநிறையக் கறிவேப்பிலை, எல்லாவற்றுக்கும் மேலே மிளகு தூவிய ஆம்லெட். நான் வாயைத் திறப்பதற்குள் பார்சல் கட்டியாகிவிட்டது.

லியூ பொட்டலத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு கறிவேப்பிலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் போனில் சீனத்தில் ஏதோ பேசினார். போன் அதைத் தமிழாக்கி, செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது: "மிக்க நன்றி. இது உங்கள் நாட்டு உணவா?"

மாஸ்டரின் தீர்ப்பு

திரும்பும் வழியில் மாஸ்டரிடம் சொன்னேன். ஆடிப்போய்விட்டார். வாணலியில் முட்டைக்கோஸ் கருகுவதுகூட அவருக்குத் தெரியவில்லை. வண்டியைச் சுற்றித் தட்டும் கையுமாக நின்றவர்கள் என்னைச் சாவுச் செய்தி கொண்டுவந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்த நூடுல்ஸுக்காகக் கொருக்குப்பேட்டையிலிருந்து பைக் எடுத்துக்கொண்டு வருகிற ஆட்கள் அவர்கள்.

"ஒரு வாய் கூடவா துன்னல?" என்றார் மாஸ்டர். இல்லை என்றேன். அடுப்பைத் தணித்தார். என்னைத் தேற்றுகிற மாதிரி தோளில் தட்டிச் சொன்னார்: "அவன் ஊர்ல யாருக்கும் ஒழுங்கா செய்யத் தெர்ல சார், பாவம் நல்லதா துன்னு பழகல, அதுக்கு நாம இன்னா பண்றது?"

காகித விளக்குக் கடை

அடுத்தது ஏ.சி. ரெஸ்டாரண்ட். கூரை முழுக்கச் சிவப்புக் காகித விளக்குகள், மேஜைக்கு மேஜை மூங்கில் செடி. காரமில்லாமல் என்று கேட்டதும் ஸ்வீட் கார்ன் சூப்பைப் பரிந்துரைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சோளமாவு இறுகி, ஸ்பூனை நட்டு வைத்தால் நிற்கும் பதத்துக்கு வந்துவிட்டது. லியூ மரியாதைக்கு இரண்டு ஸ்பூன் விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடுவேனா? மறுபடி அந்தக் கடைக்கே போனேன். சமையலறைக் கதவு திறந்தது. உள்ளே நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, அசல் ஆள்! என் போனை அவர் முன்னால் நீட்டி, "எண்ணெய் இல்லாத சீன உணவு வேண்டும்" என்பதைச் சீனத்தில் பேசவிட்டேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு நல்ல தமிழில் சொன்னார்: "அண்ணா, நான் டார்ஜிலிங். சைனீஸ் செய்யறதே இங்க வந்துதான் கத்துக்கிட்டேன். கத்துக்கொடுத்த மாஸ்டர் தூத்துக்குடி."

எர்ணாவூரில் வாங்கியது

அதுவரை லியூ அதிகமாகச் சாப்பிட்டது எர்ணாவூர் வாழைத்தண்டு சூப்தான். அரை டம்ளர். குடித்து முடித்ததும் நான் கடவுளே என்று கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டார். டாக்டர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அந்தச் சூப்பை வாங்குவதற்கு நான் வாங்கிய திட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

எர்ணாவூர்ப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வெங்காயமும் வறுத்த பூண்டும் போட்டுக் கையால் பிசைந்து தரும் அத்தோ நூடுல்ஸுக்கும், கூடவே ஊற்றித் தரும் வாழைத்தண்டு சூப்புக்கும் நானே அடிமை. பர்மா சீனாவுக்குப் பக்கத்து வீடுதானே என்று கணக்குப் போட்டேன். அத்தோ கடை அக்காவிடம் போய், "ஒரு சீனாக்காரருக்கு உங்க ஊர் சாப்பாடு வேணும்க்கா" என்றேன். நூடுல்ஸ் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. "எங்க ஊர்னா எந்த ஊரு? எங்க தாத்தா பரமக்குடி, நான் பொறந்தது எர்ணாவூரு, என்னைப் பாத்தா சைனாக்காரி மாதிரியா கீது?"

மாமியாரின் கேள்வி

அன்று மாலை கல்யாணப் பெண் வீடியோவில் வந்தாள். அதுவரை படுத்தபடி, முகத்தை மட்டும் காட்டிச் சமாளித்துவந்தார் லியூ. அன்றைக்குப் போன் கை தவறிச் சாய்ந்ததில், குச்சியாகிவிட்ட கையும் துருத்திய கழுத்தெலும்பும் தெரிந்துவிட்டன. அந்தப் பெண் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பெண்ணின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு அவளுடைய அம்மா வந்தார். கட்டிலுக்கு அருகில் யார் நிற்பது என்று கேட்டிருக்கவேண்டும்; லியூ போனை என் பக்கம் திருப்பினார். அந்த அம்மாள் படபடவென்று ஒரே மூச்சில் பேசி முடித்தார். வந்தவருக்குச் சோறு போடத் தெரியாதவன் என்று நம் ஊரில் ஒருவனைச் சொல்லிவிட்டால் அவன் தலைநிமிர முடியுமா? என் போன் அதையெல்லாம் கேட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் என்னிடமே சொன்னது: "நீங்கள் ஏன் எங்கள் பிள்ளைக்குச் சோறு போடவில்லை?"

கீழ் அடுக்கு

மறுநாள் பக்கத்துக் கட்டிலுக்குத் தேசப்பன் வந்து சேர்ந்தார். காசிமேட்டு விசைப்படகில் போகிறவர்; வலை இழுக்கும் விஞ்சில் கை மாட்டி, நீளமாகத் தையல். தையல் போட்ட உடம்புக்குக் கருவாடு ஆகாது, சீழ் வைத்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த வார்டு நர்ஸுக்கு அது சட்டம். தேசப்பனுக்கோ கருவாடு இல்லாமல் கஞ்சி தொண்டையில் இறங்காது. அதனால் அவர் மனைவி கஸ்தூரி, டிபன் கேரியரின் மேல் அடுக்கில் நர்ஸ் பார்க்க இட்லியும், நடு அடுக்கில் நொய்க் கஞ்சியும், கீழ் அடுக்கில் சுட்ட நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்தார். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டு திறந்தார்.

வாசனை அறை முழுக்கப் பரவியது. வெளிநாட்டு ஆள் மூக்கைப் பொத்திக்கொள்ளப் போகிறார் என்று நான் பதறி ஜன்னலைத் திறக்க ஓடினேன். திரும்பிப் பார்த்தால் கட்டில் காலி! லியூ எழுந்து, சலைன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து, திரையை விலக்கிக் கஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். கஸ்தூரி கஞ்சி அடுக்கைக் கையால் மறைத்தார். "ஐயோ, வேணாம் நைனா, இது கஞ்சி! வெளிநாட்டுப் புள்ளைக்கு இல்லாதவங்க துன்ற சோத்தக் குடுத்தா நாளைக்கு எங்கள இன்னா நெனைக்கும்?" லியூ இரண்டு கையையும் ஏந்தினார். கேரியர் மூடியில் ஊற்றினார்கள். சூட்டோடு உறிஞ்சினார், ஒரு நெத்திலியைக் கடித்தார், மறுபடி மூடியை நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தார்: "வயித்துல தையலை வெச்சுக்கிட்டுக் கருவாடா? இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க எல்லாரையும் வரிசையா இதே வார்டுல படுக்க வைப்பேன்!"

கஸ்தூரியின் சந்தேகம்

ஒன்றும் ஆகவில்லை. வாந்தியும் இல்லை, சீழும் இல்லை. டாக்டர் காலி கேரியரைப் பார்த்துவிட்டு, கருவாட்டைக் குறைத்துக்கொண்டு கஞ்சியைத் தொடரச் சொன்னார். அதன்பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்தே கஞ்சி வந்தது. தெம்பு வந்ததும் லியூ போனில் ஒரு படத்தைக் காட்டினார். அவர் வீட்டுக் காலைச் சாப்பாடு. கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று குழைந்த அரிசிக் கஞ்சி, பக்கத்தில் சின்னத் தட்டில் உப்பு போட்டுக் காயவைத்த மீன்.

தேசப்பன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, மீன் காரப்பொடியா நெத்திலியா என்று ஆராய்ந்தார். கஸ்தூரிக்கு மட்டும் முகம் சிவந்தது, தன்னை யாரோ பல காலமாக ஏமாற்றிவிட்டதைப்போல என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ நாங்க பொறந்ததுலேந்து சைனா சாப்பாடுதான் துன்னுகினு கீறோமா?"

ஏ.சி. ஹால் உண்டா?

டாக்டர் கையெழுத்துப் போட்டார். லியூ தன் காலால் நடந்து விமானம் ஏறினார். கல்யாணத்தன்று வீடியோவில் கூப்பிட்டார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடினேன். லியூவின் மாமியார் கஸ்தூரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட, கஸ்தூரி வெட்கப்பட்டு மீன் கூடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். என் பக்கம் அந்த அம்மாள் திரும்பவே இல்லை. பரவாயில்லை, மாப்பிள்ளையின் கன்னம் உப்பியிருந்தது, எனக்கு அது போதும்.

நான் நிம்மதியாக ஆபீஸுக்குத் திரும்பினால், லியூ தன் நண்பர்களிடமெல்லாம் இங்கே சாப்பிட்ட கஞ்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்து வருகிற சீனக் கப்பலின் கேப்டன், வடசென்னையின் அந்தப் பிரமாதமான கடையில் தன் ஆட்களோடு சாப்பிட விரும்புகிறாராம். எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இத்தனை நாள் ஒரு ரகசியத்தை மறைத்துவிட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்: "கப்பல் மொத்தமும் வர்றாங்களாம். ஏ.சி. ஹால் உண்டா, வேன் நிறுத்த இடம் உண்டான்னு அந்த ரெஸ்டாரண்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுடுங்க."

ஆகவே, வடசென்னையில் அசல் சைனீஸ் எங்கே கிடைக்கும் என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், கட்டாயம் கிடைக்கும், ஆனால் முதலில் வயிற்றில் ஓர் ஆபரேஷன் செய்துகொண்டு பக்கத்துக் கட்டிலுக்குக் காசிமேட்டுக்காரர் வரும்வரை பட்டினி கிடக்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.