சரியாகப் பதில் சொன்ன பெண்

அவள் சடை கட்டியிருந்த விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்களைப் போல இரட்டைச் சடை, காதுக்கு மேல் மடித்து இறுக்கியது. ஆனால் ரிப்பன் இல்லை. வழக்கில் சிக்கிய சிறுமிகளை வைத்திருக்கும் அந்தக் கூர்நோக்கு இல்லத்தில் ரிப்பன், துப்பட்டா எதையும் பிள்ளைகளிடம் விட்டுவைப்பதில்லை. எங்கேயாவது கட்டித் தொங்கிவிடுவார்களோ என்ற பயம். பழைய துணியில் கிழித்த சிறு துண்டுகளால் முடிச்சுப் போட்டிருந்தாள். நாற்காலியின் நுனியில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, வாய்மொழித் தேர்வுக்கு வந்தவள்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உளவியலாளர். பதினாறு வயது முடிந்த பிள்ளை ஒன்று கொலை போன்ற கொடிய குற்றத்தில் சிக்கினால், அதற்கு மனம் எவ்வளவு முதிர்ந்திருந்தது, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று இளைஞர் நீதிக் குழுமம் ஆராய வேண்டும். அதற்கு உதவ என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். புரிந்துதான் செய்தது என்று குழுமத்துக்குப் பட்டால் வழக்கு மேலே போகும். பெரியவர்களை விசாரிப்பதுபோல விசாரிக்கவும் வழி உண்டு. அவளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. என் ஊரான ஆரணிப் பெண். பெயரை எழுதச் சட்டம் விடாது, நானும் எழுதமாட்டேன்.

தாய் தகப்பன் இல்லாதவளை அக்காதான் வளர்த்தாள். அக்காவும் அக்கா புருஷனும் வீட்டிலேயே பட்டுத்தறி போட்டிருந்தார்கள். அவன் குடிப்பான், அடிப்பான். தெருவே அறிந்த விஷயம். தறிச் சத்தத்தில் மற்ற சத்தங்கள் கேட்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஒரு நாள் சாயங்காலம் இவள் பள்ளிவிட்டு வந்தபோது, நிறைமாதமாக இருந்த அக்காவைத் தறிக்குழிக்குப் பக்கத்தில் தள்ளி அவன் உதைத்துக்கொண்டிருந்தான். சுவரோரம் கிடந்த கட்டையை எடுத்து அவன் தலையில் அடித்துவிட்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே அவன் இறந்துபோனான்.

இல்லத்தில் அவளைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சொன்ன வேலையைச் செய்கிறாள், அழுவதில்லை, சண்டை போடுவதில்லை. கண்காணிப்பாளர் அம்மா இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அதுவே கலக்கமாக இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. அவள் திடுக்கிடவில்லை. உடம்பு மரக்கட்டையாகிப் போயிற்று. கண்கள் வாசலில் நிலைத்துவிட்டன. திரும்ப என்னிடம் வர நெடுநேரம் ஆயிற்று. வந்ததும், “ஸாரி மேடம், என்னா கேட்டீங்க?” என்றாள். தூக்கம் வருவதில்லை என்பதையும் நான் கேட்டபிறகுதான் சொன்னாள். மாமா செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்திலேயே அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமாம். இங்கே யாருடைய செருப்புச் சத்தமும் பழக்கமில்லாததால், எல்லாச் சத்தத்துக்கும் விழித்துக்கொண்டிருந்தாள்.

மற்றபடி என் கேள்விகள் அத்தனைக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். படிப்பில் கெட்டிக்காரி, பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருந்தாள். ஒருவரின் தலையில் பலமாக அடித்தால் என்ன ஆகும் என்றதற்கு, மண்டைக்குள் ரத்தம் கசியும், மூளையை அழுத்தும், உயிர் போகலாம் என்று பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். தப்பா என்றால் தப்பு என்றாள். தண்டனை உண்டா என்றால் உண்டு என்றாள். அவள் சொன்ன ஒவ்வொரு சரியான பதிலும் அவளைப் பெரியவர்களின் நீதிமன்றத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லி எச்சரிக்க எனக்கு உரிமையில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, இதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்ததா என்று மட்டும் கேட்டேன். அவள் முதல்முறையாகத் தயங்கினாள்.

“இப்ப நீங்க கேக்கறீங்க, யோசிச்சி சொல்றேன் மேடம். அப்ப யாரும் கேக்கலியே. அக்கா கத்திகினு இருந்துச்சி, அவ்ளோதான்.”

நான் எழுந்தபோது அவளும் எழுந்து நின்று, “எல்லாம் சரியா சொன்னேனா மேடம்?” என்றாள். நன்றாகப் பேசினாய் என்றேன்.

அக்காவைப் பார்க்க ஆரணிக்குப் போனேன். பிள்ளை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தறியில் பாதி நெய்த சேலை அப்படியே கிடந்தது. அக்காவின் மாமியார் வாசலில் உட்கார்ந்து, தங்கச்சிக்குத் தூக்குதான் வேண்டும் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே அக்கா, குழந்தையை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். நான் புறப்படும் சமயத்தில் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“எனக்காகத்தான் செஞ்சான்னு எல்லாரும் சொல்றாங்க. அவள நான் பெத்த பொண்ணாட்டம் வளத்தேன். இவரு என் புருஷன். நான் யாருக்குன்னு அழறது மேடம்?”



குழுமத்துக்கான அறிக்கையில், தங்கை அறிவில் முதிர்ந்தவள், ஆனால் பல வருடப் பயம் அந்த ஒரு கணத்தில் அந்த அறிவை எட்டவிடவில்லை என்று எழுதினேன். இப்போது தெரிகிற அமைதி நோயின் அடையாளம், உடனே சிகிச்சை வேண்டும் என்றும் எழுதினேன். குழுமத்தின் நடுவர் பொறுமையானவர், முழுவதையும் படித்தார். இத்தனை தெளிவாகப் பேசுகிற பெண்ணுக்கு விளைவு புரியவில்லை என்று எப்படி நம்புவது என்று என்னைக் கேட்டார். இந்த அறையில் புரிவதும் அந்தத் தறியறையில் புரிவதும் ஒன்றில்லை என்றேன். ஆனாலும் வழக்கு மேலே போயிற்று. நல்லவேளையாக அங்கிருந்த நீதிபதி மறுபடியும் எல்லாவற்றையும் ஆராய்ந்து, சிறுமியாகவே விசாரிக்கலாம் என்று முடிவெடுத்தார். அவளைச் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தே பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். நான் கேட்ட சிகிச்சை, எப்போதாவது வந்துபோகும் ஓர் ஆலோசகரோடு நின்றுவிட்டது. அவள் மனதை அளந்து பார்க்கத் தேதி குறித்துக் கொடுத்தவர்கள் பலர். அதை ஆற்றுவது யார் வேலை என்று கேட்டால், எல்லோரும் பக்கத்து மேசையைக் காட்டினார்கள்.

வெளியே வந்தவளை அக்காவே அழைத்துக்கொண்டாள் என்று நன்னடத்தை அலுவலர் ஒருவர் பிறகு சொன்னார். மாமியார் வீட்டை விட்டுவிட்டு ஆரணியிலிருந்தே கிளம்பிவிட்டார்களாம். “ஒரே வீட்ல இருக்காங்க, ஒண்ணா சாப்பிடறாங்க. அதப்பத்தி மட்டும் ரெண்டு பேரும் வாயே தொறக்கறதில்ல” என்றார். அது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டார். என் படிப்பில் அதற்கு விடை இருப்பதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

போன மாதம் ஆரணியிலிருந்து வேலூர் போகிற வழியில், கண்ணமங்கலத்தில் பஸ் நின்றிருந்தது. ஜன்னலுக்கு நேரே ஒரு மருந்துக்கடை. கடை ஆட்கள் போடும் நீலக் கோட்டோடு படியில் உட்கார்ந்து, சீருடை போட்ட ஒரு சிறுமிக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். முகம் சதை போட்டிருந்தது, முடியை ஒற்றைக் கொண்டையாக முடிந்திருந்தாள். இருந்தாலும் அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவளுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது.

“யாரு சித்தி அவங்க?” என்றது குழந்தை.

“தெரில” என்றாள்.

அப்படிச் சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா எப்படிச் செத்தார் என்று இந்தக் குழந்தையிடம் ஒரு நாள் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். இவள் சொல்வாளா, இவளுக்கு முன்னால் வேறு யாராவது சொல்லிவிடுவார்களா என்று என் மனம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். இருவரும் சாலையைக் கடக்க வந்திருந்தார்கள். குழந்தை முன்னால் ஓடியது. “ஓடாத, நில்லு” என்று அவள் குரல் கேட்டது. குழந்தை சட்டென்று நின்றது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டியது. அவள் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.