சாப்பாட்டுக் குழாய்

சிங்கப்பூரில், கிளமெண்டியில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. நோய் தரும் ஈஸ்ட் என்ற பூஞ்சைக்குத் தீனி போட்டு, அது எப்படித் தின்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு வாய் கிடையாது. செல்லைச் சுற்றிய சவ்வில் புரதத்தாலான கதவுகள் உண்டு. சர்க்கரைக்குச் சில, அமினோ அமிலத்துக்குச் சில. வெளியே உணவு குறைந்தால், கிடைப்பதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் கதவுகளைச் செய்துகொள்ளும். அந்தச் சாமர்த்தியத்தை நான் ரசித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்த என் அண்ணனுக்குக் குடலில் அறுவை சிகிச்சை. வாய்வழியாக எதுவும் கூடாதென்று கழுத்து ரத்தநாளத்தில் குழாய் வைத்து, வெள்ளைப் பையிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலமும் கொழுப்பும் ஏற்றினார்கள். பத்தாம் நாள் காய்ச்சல். ரத்தத்தில் ஈஸ்ட். நான் தீனி போடும் அதே இனம்.

குழாயிலேயே பூஞ்சை ஒட்டியிருக்கிறது, எடுத்துவிட வேண்டும், இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் வைக்கலாம் என்றார் டாக்டர். அண்ணிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான்தான் தமிழில் சொன்னேன்.

"அண்ணி, சாப்பாட்டுக் குழாய எடுக்கணுங்கிறாங்க."

பை வந்த நாளிலிருந்து எங்கள் வாயில் அதற்கு அந்தப் பெயர்தான். அண்ணி ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டார்.

"சாப்பாட்ட நிறுத்திட்டா எப்படி தம்பி? பட்டினி போட்டா உடம்பு தேறும்? வேணாம்னு சொல்லுங்க."

காய்ச்சல் குழாய் என்று சொல்லியிருந்தால் அவரே எடுக்கச் சொல்லியிருப்பார். அந்தப் பை யாருக்கும் சாப்பாடுதான், பூஞ்சைக்கும்தான் என்றாவது நான் விளக்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது. அழுகிற அண்ணியிடம் வாய் வரவில்லை. டாக்டரிடம் ஒருநாள் பொறுக்கச் சொன்னேன். தாமதம் ஆபத்து என்று எச்சரித்தார். மறுநாளும் கெஞ்சினேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் விழுந்தபிறகு யாரையும் கேட்காமல் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் இறந்துவிட்டான்.

பெட்டிக்குப் பக்கத்தில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பேசினதாலதான் தம்பி, அந்த ரெண்டு நாளாவது அவரு பட்டினி கிடக்கல."

ஆமாம் அண்ணி என்றேன்.