சடுகுடு கட்சிக்கு நான் பேசிய பேச்சு

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.யு.சி. முடித்துவிட்டு, வேலை எதுவும் கிடைக்காமல், நன்னிலம் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் பேசிக்கொண்டு திரிந்தேன். மேடையில் நன்றாகப் பேசத் தெரிந்தவன் மந்திரியாகவே ஆகிவிடலாம் என்பதை நாடே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கண்ணாடி முன் நின்று கையை ஆட்டிப் பழகாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. அவர்களில் நான்தான் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

என் அண்ணன் அதற்கு நேர்மாறு. நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நடவு, அறுப்பு என்று கிடைத்த வேலைக்குப் போவான். மீதி நேரம் சடுகுடு ஆடுவான். எதிராளி கட்டத்துக்குள் அவன் பாடிக்கொண்டு போனால் ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். சீர்காழி, தரங்கம்பாடி வரைக்கும் அவனைக் கூட்டிப்போய் ஆடவைத்திருக்கிறார்கள்.

பஸ்களை அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பித்த புதிது. அந்த பஸ் கழகத்துக்குக் கபடிக் குழு ஒன்று சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் போய் ஆடிக் காட்டினான். கண்டக்டராக எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. இவன்மேல் கேஸ் எதுவும் இல்லை என்று எங்கள் ஸ்டேஷனிலிருந்து எழுதிப் போக வேண்டும். எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கினவர் அதுவரை ஒருவரும் இல்லை. அம்மா அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மார்கழிக் கடைசியில் ஊர் இரண்டுபட்டது. அறுப்புக் கூலிப் பேச்சு முறிந்து, எங்கள் தெரு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். ஒரு நாள் விடியற்காலையில், பத்தடிக்கு அப்பால் முகம் தெரியாத பனியில், வயலில் இறங்க வந்தவர்களை எங்கள் ஆட்கள் வரப்பில் மறித்தார்கள். கைகலப்பானது. பண்ணை ஆள் ஒருவருக்குக் கை முறிந்தது. அண்ணனோடு சேர்ந்து சடுகுடு ஆடுகிற இரண்டு பேர், இருவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், அங்கேயே பிடிபட்டு சப் ஜெயிலுக்குப் போனார்கள். புகாரில் அவர்கள் பெயரும் இன்னும் இரண்டு பேர் பெயரும் இருந்தன. அதோடு, ‘பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய மற்றும் சிலர்’ என்றும் எழுதியிருந்தது. அந்த ‘மற்றும் சிலர்’ என்பதற்குள் யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நுழைக்கலாம்.

அன்று காலை அண்ணன் கொல்லைப் பக்கமாக வீட்டுக்கு வந்தான். சட்டை தோளில் கிழிந்திருந்தது. முழங்கால் வரை சேறு. நான் மட்டும்தான் பார்த்தேன்.

“ஏழு பேரு சுத்திட்டானுங்க. வந்துட்டேன்” என்றான்.

எப்படி வந்தாய் என்று கேட்டேன். சட்டையை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டு, “நான் அங்க இல்ல. முந்தின நாளே மேட்சு பாக்க சீர்காழிக்குப் போயிட்டேன். யாரு கேட்டாலும் அதான். பொங்கல் கழியற வரைக்கும் நீ வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்” என்றான். அன்றைய கணக்குக்குப் பேச வேண்டியதையெல்லாம் அவன் பேசிவிட்டான்.

நானும் சரி என்றேன். ஆனால் ஏழு பேர் என்ற அந்த வார்த்தை என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அவன் சொல்லாத மீதியை நானே கட்டிக்கொண்டேன். யார் முதலில் பாய்ந்திருப்பான், அண்ணன் எந்தப் பக்கம் குனிந்திருப்பான், வழுக்குகிற வரப்பில் எப்படிக் கால் ஊன்றியிருப்பான் என்று படுத்தால் எழுந்தால் அதே நினைப்பு. பெருமையாக இருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

பொங்கலுக்கு மறுநாள் படிப்பகத்தின் முன்னால் வருஷா வருஷம் பட்டிமன்றம் நடக்கும். அந்த வருஷம் நடத்துவதா வேண்டாமா என்றே யோசித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வேன் போலீஸ் தங்கியிருந்தது. நடுவராக உட்காரவேண்டிய டிரில் மாஸ்டர், “எதைப் பேசினாலும் வெட்டுக்குத்துல போய் நிக்கும். விளையாட்டைப் பத்திப் பேசுங்க, வம்பில்ல” என்று தலைப்பைத் தானே கொடுத்தார். தனித்திறமை அதிகம் வேண்டிய விளையாட்டு எது? சிலம்பம் என்று பேச ஒரு தையல்காரர். பூப்பந்து என்று பேச மிராசுதாரின் அக்கா மகன், தஞ்சாவூர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன். சடுகுடு கட்சிக்கு நான்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தது. இடது பக்கம் எங்கள் தெரு. வலது பக்கம் நாற்காலிகளில் பண்ணைத் தரப்பு. நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி வரிசையின் ஓரத்தில் பண்ணைக் காரியக்காரர், மிராசுதாருக்கு அடுத்தபடியாக ஆட்களை ஏவுகிறவர், தொப்பையின்மேல் கைகோத்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் வரவில்லை. கூட்டம் என்றாலே அவனுக்கு ஆகாது.

தையல்காரர் சிலம்பத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்தார். பூப்பந்துக்காரன் நன்றாகப் பேசினான், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கம்பளிப் பந்து காற்றில் எப்படி வளையும், கண் இமைப்பதற்குள் மணிக்கட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்று அழகாகச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பக்கம் திரும்பினான்.

“சடுகுடுவில் ஒருவன் அவுட்டாகி வெளியே போனால், தானாக உள்ளே வர முடியாது. அவன் கட்சிக்காரன் இன்னொருவன் எதிராளியை வீழ்த்தினால்தான் இவனுக்கு மறுபடி உயிர். அடுத்தவன் தயவில் பிழைக்கிற ஆட்டத்துக்குப் பெயர் தனித்திறமையா?”

நாற்காலிகளில் சிரிப்பு. எங்கள் பக்கம் ஒரு இருமல் கூட இல்லை. அடுத்தவன் தயவில் பிழைக்கிற என்ற சொல் எந்த ஊரில், எந்த வாரத்தில், யார் வாயிலிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் புரிந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். டிரில் மாஸ்டர் மேஜையைத் தட்டினார். பள்ளிக்கூட வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

எனக்குக் காது மடல் சுட்டது. எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டேன்.

“தயவா? நண்பரே, பத்து நாளைக்கு முன்னால் ஒரு விடியற்காலை. பனி. கோடு கிடையாது, நடுவர் கிடையாது. வரப்பில் ஒரே ஒருவன். சுற்றிலும் ஏழு பேர், ஏழு பேர் கையிலும் தடி. அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். முதல் ஆளின் கைக்கு அடியில் குனிந்தான். இரண்டாவது ஆளைத் தோளால் தள்ளினான்...” என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஆளாக ஏழு பேரையும் தாண்டவைத்தேன். கூட்டம் அசையவில்லை. “அவனுக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. சடுகுடு கொடுத்த திறமை ஒன்றே போதுமாக இருந்தது. அதை நான் எப்படி அறிவேன் என்கிறீர்களா? அவனைப் பெற்ற வயிறுதான் என்னையும் பெற்றது” என்று முடித்தேன்.

எங்கள் பக்கம் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பூப்பந்துக்காரன் சிரிக்கவில்லை. அவன் என்னையே பார்த்தான். ‘என்ன காரியம் பண்ணிட்டே’ என்கிற பார்வை. பிறகு நாற்காலி வரிசையின் ஓரத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். காரியக்காரர் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, நிதானமாகப் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரில் மாஸ்டர் பரபரவென்று சடுகுடுவே ஜெயித்தது என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். யாரோ என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்கள். முதுகில் தட்டினார்கள். அந்தத் துண்டை எங்கே தொலைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கையிலிருந்த வைக்கோலை முழுவதும் போட்டு முடித்துவிட்டு, “அம்மாகிட்ட இப்ப சொல்லாதே” என்றான்.

மறுநாள் காலை இருவரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால். காரியக்காரர் பெஞ்சில். அண்ணனும் நானும் சுவர் ஓரம் நின்றோம். மேஜையில் இரண்டு காகிதங்கள். ஒன்று புகார். இன்னொன்று அண்ணனின் வேலைக்காக வந்த விசாரணைக் கடிதம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

“நேத்து நல்லாப் பேசினியாமே. இங்கயும் கொஞ்சம் பேசு” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பேசினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கவனமாகப் பேசியதில்லை. “எல்லாம் மேடைக்காகக் கட்டினதுங்க சார். அண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்லீங்க.”

“அப்ப ஏழு பேரைத் தாண்டினது?”

“இவனாவது ஏழு பேரைத் தாண்டறதாவதுங்க. பாடிப் போனா பாதியிலேயே பயந்து திரும்பிடுவான். உருப்படியா ஒரு பாயின்ட் எடுத்ததில்லீங்க. ஆள் குறைஞ்சா கூட்டிட்டுப் போவாங்க, அவ்வளவுதான்.”

“பஸ்ஸுக்கு எடுத்திருக்காங்களே?”

“ஆளுங்கட்சிக்காரர் சிபாரிசுங்க சார்.”

சப்-இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அது நம்பும்படி இருந்தது. சிபாரிசு என்றால் யாருக்கும் நம்பும்படிதான் இருக்கும். காரியக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க இருங்க. இருட்டுல, பனியில மத்தவங்க மொகம் தெரியலேன்னு விசாரணையில உங்க ஆளுங்கதானே சொல்லியிருக்காங்க” என்று அவரை அடக்கினார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அண்ணனின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

“ஏம்ப்பா, உன் தம்பி சொல்றது நெசம்தானா? நீ அங்க இல்ல?”

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். வெளியே ஒரு மாட்டுவண்டி போகிற சத்தம் கேட்டது.

“இருந்தேங்க” என்றான் அண்ணன்.

அவ்வளவுதான் முடிந்தது. சப்-இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. புகாரில் ஐந்தாவது பெயராக அண்ணன் பெயர் ஏறியது. விசாரணைக் கடிதத்துக்கும் அன்றே பதில் எழுதிப் போனது. வீட்டுக்குத் தனியாக நடந்தபோது எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தான் ஆடத் தெரியாதவன் என்று தம்பி சொன்னதை ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஆட்டக்காரன் திமிர் என்றே நினைத்தேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அம்மா உலையைக் கீழே இறக்கி வைத்தாள்.

மூன்றாம் நாள் சப் ஜெயிலில் மனு போட்டுப் பார்த்தேன். அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தான். எப்படி இருக்கிறாய் என்று கூடக் கேட்காமல், “தலையை ஆட்டியிருந்தா விட்டிருப்பாருண்ணே. உன் ஆட்டத்தைக் கொறைச்சுச் சொன்னதுதான் உனக்குப் பெரிசாப் போச்சா?” என்றேன்.

அவன் கம்பியை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தான்.

“நான் எங்கடா அன்னிக்கு ஆடுனேன்?” என்றான். குரல் மிகவும் தணிவாக இருந்தது. “ஏழு பேரு சுத்திட்டானுங்க. நான் மாட்டிக்கிட்டேன். சட்டையைப் புடிச்சாச்சு. இவங்க ரெண்டு பேரும் தப்பிச்சு வாய்க்காலைத் தாண்டிட்டவங்க. திரும்பி வந்தாங்க. ஒருத்தர் என்னைப் புடிச்சவன் இடுப்பைக் கட்டிப் புடிச்சாரு, ஒருத்தர் இன்னொருத்தன் காலைக் கட்டிக்கிட்டு விழுந்தாரு. உனக்கு வேலை வந்திருக்கு, நீ போயிடுன்னாங்க. நான் ஓடினேன்.”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடையில் ஒவ்வொரு ஆளாக ஏழு பேரை எண்ணியவன், இந்த இரண்டு பேரை எண்ணவே இல்லை.

“அவங்க இங்க இருக்கையில, நான் அங்க இல்லவே இல்லன்னு எப்படிடா சொல்றது?” என்றான் அண்ணன்.

அந்த இருவரும் அவனுக்குப் பின்னால் அதே அறையில்தான் இருந்தார்கள். மூத்தவருக்குப் புருவத்தில் வெட்டு, தையல் இன்னும் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து கம்பி அருகே வந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. பட்டிமன்றத்தைப் பற்றி ஜெயிலுக்கும் சேதி வந்திருக்கிறது.

“ரொம்ப நல்லாப் பேசினியாமே தம்பி. நம்ம கட்சிதான் ஜெயிச்சுதாம்ல?” என்று கேட்டார்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.