பாலை நிறுத்திய பன்னிரண்டாம் நாள்

அந்தப் பால் பண்ணையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் நாக்கக்காதான். வாயாடி என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சில் அவள் படு கஞ்சம். காலை ஆறு மணிக்கு வரிசை கட்டி நிற்கும் டேங்கர்களிலிருந்து ஒவ்வொரு கரண்டி பால் எடுத்து, இளஞ்சூடாக்கி, முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு, உள்ளே விடலாமா வேண்டாமா என்று சொல்வது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக இதே வேலை.

லேப்பில் இயந்திரங்கள் இல்லாமல் இல்லை. கொழுப்பையும் புளிப்பையும் தண்ணீர்க் கலப்பையும் அவை சொல்லிவிடும். வாடையைச் சொல்லத்தான் அவளை விட்டால் ஆள் கிடையாது. ஒருமுறை, பாலைத் துப்பிவிட்டு, "மாடு வெங்காயத்தாள் தின்னிருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆள் அனுப்பி விசாரித்தால், ஒரு வெங்காயக் காட்டுக்கு வேலி சரிந்து கிடந்ததாம். அன்றிலிருந்து அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் அப்பீலே கிடையாது. அந்த மரியாதைக்காக அவள் வாசனை சோப்பை விட்டாள், காலையில் காரத்தை விட்டாள், ஜலதோஷம் பிடித்தால் சம்பளமில்லாத லீவு போட்டாள்.

நாக்கை இப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினாளே தவிர, கழுத்தைக் காப்பாற்ற முடியவில்லை. எட்டு வருஷமாகக் கழுத்தைச் சுற்றி அரிப்பு. தடவாத களிம்பில்லை, பார்க்காத டாக்டரில்லை. கடைசியில் மகள் கையில் மாட்டிக்கொண்டாள். அவள் போனில் எதையோ படித்துவிட்டு, இருபத்தொரு நாளைக்குப் பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் கூடாது, உடம்பு சுத்தமாகிவிடும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"பாலை வச்சுப் பொழைக்கிறவகிட்ட வந்து பாலை விடச் சொல்றியே" என்றாள் அம்மா.

"குடிக்காதன்னுதாம்மா சொல்றேன். நீ ருசி பாத்துட்டுத் துப்பிடுறே. அது கணக்குல வராது."

"உங்கம்மா குடிக்கிறதை நிறுத்தினா பண்ணையை மூட வேண்டியதுதான்" என்றார் வீட்டுக்காரர், தன் பங்குக்கு.

கேலி எல்லாம் ஒரு வாரம்தான். பத்தாம் நாள் அரிப்பு அடங்கிவிட்டது. கழுத்தில் கையை வைக்காமல் ராத்திரி முழுக்கத் தூங்கினாள். கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம். அதே நாட்களில் வேலையில் பாலை வாயில் வைக்கும்போது லேசாக ஏதோ இடித்தது. மழை ஈரமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை முதலில் வந்தது டிரைவர் அண்ணனின் டேங்கர். பதினைந்து வருஷமாக அவர் தன் ஊர்ப் பாலைக் கொண்டுவருகிறார். அவர் வீட்டு இரண்டு மாடுகளின் பாலும் அதில்தான் இருக்கும். கரண்டியை மூக்கருகே கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். ஈரத் தொழுவத்து வாடை, முகத்தில் அறைகிற மாதிரி. இன்னொரு கரண்டி எடுத்தாள். அதே வாடை.

"ரீடிங் எல்லாம் சுத்தமா இருக்குக்கா" என்றார் லேப்காரர். அவரும் ஒரு வாய் உறிஞ்சினார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சீட்டில் சிவப்பு முத்திரையைக் குத்தினாள். டிரைவர் அண்ணன் ஒரு வார்த்தை வாதாடவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தங்கச்சி" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

இரண்டாவது டேங்கரிலும் அதே வாடை. முத்திரையை எடுத்த கை தயங்கியது. கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு மூன்றாவதில் ஏறினாள். அது நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிற வண்டி. வேறு மாடு, வேறு தீனி, வேறு தண்ணீர். அதிலும் அதே வாடைதான். குளிர் அறைக்கு ஓடினாள். முந்தாநாள் அவளே நல்லது என்று அனுப்பி, ஊரே குடித்துவிட்டு ஒரு புகாரும் சொல்லாத பாலில் மாதிரிக்கு வைத்திருந்த பாக்கெட்டைப் பல்லால் கிழித்து முகர்ந்தாள்.

அங்கேயும் தொழுவம்.

அப்போதுதான் விளங்கியது. நம் வீட்டுக்கென்று இருக்கிற வாடை நமக்குத் தெரியாது. பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால்தான் மூக்கில் ஏறும். தினமும் பால் குடித்த நாக்குக்குத் தெரியாத மாட்டு வாடை, பன்னிரண்டு நாள் விலகியிருந்த நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. பாலில் ஒரு கோளாறும் இல்லை. நாலாயிரம் லிட்டர் நல்ல பாலைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

வண்டி போய் நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பினால் பால் பிழைக்கும். இல்லை, பேசாமல் இருந்துவிடலாம். மற்ற இரண்டு வண்டியையும் உள்ளே விட்டால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஏற்கனவே மேனேஜர், வாடை பார்க்கவும் மெஷின் வந்துவிட்டது என்று படம் காட்டிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்தால் பத்தொன்பது வருஷமும் போச்சு.

குளிர் அறையில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு நேராக மேனேஜர் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், முதல் வண்டி பால் நல்ல பால். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "தப்பாவா? நீங்களா?"

அவள் பால் நிறுத்திய கதையைச் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை, மேஜை போனை அவள் பக்கம் தள்ளினார். "முதல்ல அந்த ஆளைக் கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் தண்ணீர் பீச்சியடிக்கிற சத்தம்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பாலத்துக்குப் பக்கத்துல, தங்கச்சி. டேங்க் கழுவிட்டிருக்கேன்."

"பால்?"

"கொட்டிட்டேன். நீ வேணாம்னு சொன்ன பாலை எவன் வாங்குவான்? ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோய் எல்லார் மூஞ்சியையும் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. சாயங்காலப் பாலுக்கு டேங்க் காலியா வேணுமே."

"ஐயோ அண்ணே" என்றாள். தனக்காக வருத்தப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"நீ மனசைப் போட்டு ஒழப்பிக்காத. நீ சொன்னப்புறம் நானும் மூடியைத் திறந்து மோந்து பாத்தேன். தொழுவ நாத்தம். எங்க வீட்டு மாடா இருந்தாலும் இருக்கும். என் பொண்டாட்டி தொழுவத்தைச் சரியாக் கழுவுறதில்ல. இன்னிக்கு அவளை ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்."

மேனேஜர், சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார்.

"அண்ணே, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. பால் நல்லாத்தான் இருந்துச்சு. எல்லா வண்டியிலயும் எனக்கு அந்த வாடை வருது. தப்பு என் நாக்குலதான்."

போனில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இல்லையே தங்கச்சி" என்றார் பிறகு. "எனக்கே அடிச்சுதே."