பேரில்லாத ஜெபம்

"வணக்கம்ங்க. நல்லா இருக்கீங்களா? நாளைக்குப் பிரசங்கம் கொஞ்சம் நீளமாப் போயிருச்சு. பாத்துச் சுருக்கிக் குடுங்க."

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போதகர் சற்குணம் செல்போனை உள்ளங்கையில் மல்லாத்தி வைத்து, அடுத்த தெருக்காரரைக் கூப்பிடுகிற குரலில் பேசிக்கொண்டிருப்பார். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி அது. விடுமுறைக்கு வந்த மகள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. எதிரில் மனிதர் இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வா, போ என்று பேச வாய் வருவதில்லை. பதில் வந்ததும் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனை அணைப்பார்.

"அப்படியே ஒரு வாய் காப்பியும் குடுத்துருங்க" என்பார் அடுப்படியிலிருந்து அவர் மனைவி அன்புமொழி. "எங்கிட்ட இம்புட்டு மரியாதையா என்னைக்காச்சும் பேசிருக்கீங்களா?"

"நீ பிரசங்கத்தச் சுருக்கிக் குடு, ஒனக்கும் நன்றி சொல்றேன்."

"சுருக்குங்கன்னு கல்யாணமான நாள்லருந்து சொல்றேன். நான் சொன்னா ஏறல, அது சொன்னா ஏறுதாக்கும்."

கீரமங்கலத்துக்குக் கிழக்கே, தென்னைக்கும் மல்லிகைத் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கிறது அவருடைய சபை. வருகிறவர்களில் பாதிப் பேர் பூப்பறிக்கிற பெண்கள். இருட்டோடு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டு, அப்படியே குளித்துக் கிளம்பி ஆராதனைக்கு வருகிறவர்கள். முன்பெல்லாம் பிரசங்கம் பாதியைத் தாண்டும்போது வரிசை வரிசையாகத் தலைகள் சாயும். இப்போது சாய்வதில்லை. "ஐயா பிரசங்கத்துல இப்ப நல்ல அபிஷேகம், கர்த்தரே பேசுறாப்ல இருக்கு" என்று ஒரு மூப்பர் மனம் நெகிழ்ந்து சொன்னபோது, சற்குணம் சபைக்கு நடுவிலேயே உண்மையை உடைத்தார்: "அபிஷேகம் இல்லய்யா, கத்திரிக்கோல். வெட்டுறது மெஷினு."

அதை அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவரும் இல்லை. அது தருகிற ஒவ்வொரு வசனத்தையும் வேதாகமத்தைப் புரட்டி, வரிமேல் விரல் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை சங்கீதப் புத்தகத்தில் இல்லாத வசனத்தைச் சங்கீதம் என்று கூசாமல் சொல்லிவிட்டது. "இப்படிச் சொல்லலாமாங்க? நான் அத பீடத்துல நின்னு வாசிச்சிருந்தா என்னாகும்?" என்று வருத்தத்தோடு கண்டித்தார். இரக்கத்தைப் பற்றிய பிரசங்கத்துக்கு ஒரு கதை கேட்டபோது, அதன் கதையில் பனி கொட்டும் இரவில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் வந்து நின்றார். "எங்க ஊர்ல புயலு அடிக்கும்ங்க, பனி கொட்டாது. கரண்டு போயி மோட்டார் ஓடாத ஊருக்குத் தண்ணி குடுத்த கதையாப் பாத்துச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினார்.

ஒன்று மட்டும் இப்போது அதனிடம் போவதில்லை. ஜெபம் கேட்டு வருகிறவர்களின் பேரும் சங்கடமும்.

காரணம் செவந்தி. பூப்பறிக்கிறவர், சபையில் பழைய ஆள். போன சித்திரையில் ஆராதனை முடிந்ததும் சற்குணத்தைக் குழாயடிப் பக்கம் தனியே அழைத்துப் போனார். "எம் மகன் சரவணக்குமாரு பொண்டாட்டி மேல கை நீட்றான்யா. அவ திருப்பூர்லருந்து ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. யாருக்கும் தெரியாது. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன். வீட்டுக்கு வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க."

வருவதாகச் சொன்னவர் போகவில்லை. கல்யாணம், அடக்கம், பிள்ளைகளின் விடுமுறைப் பள்ளி என்று அந்த வாரம் ஓடிவிட்டது. மனசு உறுத்த, செவந்தி சொன்னதையெல்லாம் பேரோடும் ஊரோடும் போனிடம் சொல்லி ஒரு ஜெபம் வாங்கினார். அதைத் தன் குரலில் வாசித்துச் செவந்தியின் போனுக்கு அனுப்பியும் விட்டார். பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

அடுத்த ஞாயிறு செவந்தி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அவர் உட்காருகிற தூணோரம் காலியாகவே கிடந்தது. மறுநாள் விடிந்தும் விடியாமலும் சற்குணம் வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனார்.

"தோத்திரம்யா" என்றார் செவந்தி. மொக்குப் பறிக்கிற கை நிற்கவில்லை.

"என்னம்மா, ஆளையே காணோம்?"

"ஒங்க ஜெபத்தக் கேட்டேன். கொரல் ஒங்களது. ஜெபம் ஒங்களது இல்ல."

செவந்தி அடுத்த கிளைக்கு நகர்ந்தார்.

"எங்க வீட்டுக்கு ஜெபம் பண்ணி என்னைக்காச்சும் எங்க மாடு கருப்பியக்கூட விட்டிருக்கீங்களா? ஆடு கன்னு, போர் மோட்டாரு மொதக்கொண்டு பேர் சொல்லிக் கேப்பீங்க. இந்த ஜெபத்துல எம் மகன் பேரே இல்ல. 'நல்லிணக்கம் மலரட்டும்'னு வருது. அவன் அடிக்கிறான்யா. யாருகிட்ட எழுதி வாங்குனீங்க?"

ஏதோ புத்தகத்தில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். "மெஷின்ட்ட கேட்டேம்மா" என்றார்.

செவந்தியின் கை செடியிலேயே நின்றது. "அப்ப அவன் கை நீட்டுனதயும் அதுட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"பேரச் சொல்லியா?"

"பேரச் சொல்லித்தான்."

"எங்கூடப் பொறந்த அண்ணங்கிட்டகூட நான் வாயத் தொறக்கல."

அது ஊருக்குள் போய்ப் புறணி பேசாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "அது எங்கிட்டுப் போயிச் சேரும்னு எனக்கே தெரியாதும்மா. ஒங்களக் கேக்காம சொன்னது தப்பு. பொறுத்துக்கங்க" என்றார்.

பொறுத்தேன் என்று செவந்தி சொல்லவில்லை. "நின்னு பேச நேரமில்லய்யா. வெயில் ஏறுனா மொக்கு விரிஞ்சிரும்."

சற்குணம் போனை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடிக்கு அந்தப் பக்கத்துச் சாலில் இறங்கி, அவரும் மொக்குப் பறிக்க ஆரம்பித்தார். பழக்கமில்லாத விரல்கள், செவந்தி ஒரு செடியை முடிக்கும்போது அவர் ஒரு கிளையைத் தாண்டியிருக்க மாட்டார். கொஞ்ச தூரம் இருவரும் பறித்துக்கொண்டே நகர்ந்தார்கள். அப்புறம் செவந்தி தானாகவே ஆரம்பித்தார். குழாயடியில் விட்ட இடத்திலிருந்து அல்ல. மகனுக்குப் பெண் பார்க்கப் போன நாளிலிருந்து. மகனுடைய அப்பாவும் கை நீட்டியவர்தான் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். சற்குணம் மொக்கைக் கையில் சேர்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார்.

அவர் கை நிறைந்துவிட்டது. கொட்ட இடம் தெரியாமல், மொக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். செவந்தி பேச்சை நிறுத்தவில்லை. இடுப்பில் கட்டியிருந்த மடியை ஒரு கையால் அகல விரித்து, செடிக்கு மேலாக அவர் பக்கம் நீட்டினார்.