ஒரே மோட்டார்

பெரும்பாவூரில் பைலியின் கதவுப் பட்டறையில் வேலை பார்த்த எல்லோரும் அவனிடம் அடி வாங்கியவர்கள்தான், நானும் சேர்த்து. ஆணி வளைந்தால் ஆளை அடிப்பான்.

கதவில் கடைசி இராப்போஜனம் செதுக்கக் கம்ப்யூட்டரில் ஓடும் சின்ன சிஎன்சி மிஷின் வாங்கினான். பலகையை உறிஞ்சிப் பிடிக்கவும் மரத்தூளை உறிஞ்சி எடுக்கவும் ஒரே மோட்டாரைப் பூட்டினான். அவன் பெண்டாட்டியின் தம்பி குரியாக்கோஸ் தலைதலையாய் அடித்துக்கொண்டான்.

"மச்சான், தூள் பை நிறைஞ்சா இழுவை போயிடும். பலகையை அழுத்திப் பிடிக்க நாலு கிளாம்பாவது போடுங்க."

"செதுக்குற பிட் கிளாம்புல இடிச்சு ஒடிஞ்சா உங்கப்பனா வாங்கித் தருவான்?"

தேக்குப் பலகையில் யூதாசின் முகம் வரும்போது தூள் மேலே பறந்தது. பை நிறைந்துவிட்டது.

"நிறுத்துங்க மச்சான்!" என்று குரியாக்கோஸ் சுவிட்சுக்குப் பாய்ந்தான். பைலி அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"என் மிஷினையா தொடுற, நாயே?"

அறைவதற்குக் கையை ஓங்கினான். அதற்குள் பலகை பிய்த்துக்கொண்டு வந்து அவன் தாடையில் இறங்கியது. பல்லும் ரத்தமுமாகத் தூளில் துப்பினான்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி உறிஞ்சிக்கொண்டிருந்தான். குரியாக்கோஸைக் கண்டதும் உறிஞ்சியபடியே கெட்ட வார்த்தையால் திட்டப் பார்த்தான். கஞ்சி புரையேறி மூக்கு வழியாக வந்தது.

குரியாக்கோஸ் கிண்ணத்தை மெல்ல நகர்த்தி வைத்தான்.

"குடிக்கிறதா, திட்டுறதா, ஏதாவது ஒண்ணைச் செய்யுங்க மச்சான். இருக்கிறது ஒரே வாய்."