சுவோ என்றால் மண்டியிடு

சீனாவின் மேற்கே, பாலைவன ஓரத்தில் இருக்கும் துன்ஹுவாங்குக்கு வருகிறவர்கள் முதலில் பெரிய மணல்மலைக்குத்தான் போவார்கள். அங்கே ஒட்டகத்துக்கான வரிசை மூன்று மணி நேரத்தைத் தாண்டினால், மிஞ்சியவர்கள் எங்கள் மேற்குமேட்டுக்கு வருவார்கள். வரும்போதே பாதிக் கோபத்தோடு வருவார்கள். அவர்களை எதிர்கொள்ள எங்களிடம் முழுக் கோபத்தோடு ஒருத்தி இருந்தாள்.

அவள் பெயர் சுவோ காய்ஷியா. வயது ஐம்பத்திரண்டு. ஐந்து ஒட்டகங்களை ஒரே கயிற்றில் கட்டி, சவாரிக்காரர்களை மணல்மேட்டில் ஏற்றி இறக்குவது அவள் வேலை. வெயிலுக்காகத் தலையில் பூப்போட்ட துணி, மூக்கிலிருந்து மோவாய் வரை இன்னொரு துணி. வெளியே தெரிவது இரண்டு கண்கள்தான். கோபத்துக்கு அது போதும்.

முதுகில் 64 என்று எழுதிய சிவப்புச் சட்டைதான் அவள் சொத்து. அந்த எண் இருந்தால் வரிசையில் நிற்கலாம்; இல்லாவிட்டால் ஒட்டகம் வெறும் தீனிச் செலவு. முதலில் அது அவள் புருஷன் பெயரில் இருந்தது. அவன் ஒரு நூடுல்ஸ் கடைக்காரியோடு ஹாமி பக்கம் போனபோது, எண் ஆணோடு சேர்ந்தது என்று கிராமக் கமிட்டி சொல்லிவிட்டது. காய்ஷியா மறுநாள் விடிகாலையில் ஐந்து ஒட்டகங்களையும் ஓட்டிவந்து நுழைவாயிலின் குறுக்கே மண்டியிட வைத்தாள். மத்தியானம் வரை ஒரு வண்டியும் உள்ளே போகவில்லை. "எண்ணு அவன்கூடப் போச்சுன்னா, ஹாமிக்குப் போய் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இதுங்க எந்திரிக்காது" என்றாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கமிட்டிக்குச் சட்டம் வேறு மாதிரி புரிந்துவிட்டது. பதினோரு வருடமாக 64 அவள் முதுகில் இருக்கிறது.

இருபத்தெட்டு ஆண்டு பள்ளியில் பூகோளம் நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகு நான் மேற்குமேட்டுக் கம்பெனியின் பலகைகளுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். போன வசந்தத்தில் ஹாங்ஜோவிலிருந்து பாங் என்ற புது மேனேஜர் வந்தார். ஏரியும் மழையும் உள்ள ஊர்க்காரர். பாலைவனத்தில் என்ன குறை என்று அவருக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது: புன்னகை. வாயிலில் 'மேற்குமேட்டில் பார்க்க, செய்ய பன்னிரண்டு' என்று ஒரு பெரிய பலகை வைக்கச் சொன்னார். சூரியோதயம், மணற்சறுக்கு, ஆப்ரிகாட் தோல் பானம் என்று போகும் அதில் நான்காவது, ஒட்டகச் சவாரி. 'புன்னகை மாறாத ஒட்டகக்காரர்கள் சொல்லும் பழங்கதைகளைக் கேட்டபடி' என்று அதற்கு எழுதியவன் நான்.

பலகை ஏறிய அன்றே காய்ஷியா என்னைத் தேடி வந்தாள்.

"வாத்தியாரே, இதை எழுதினது நீங்கதானே?"

"மேனேஜர் சொன்னார், எழுதினேன்."

"நான் சிரிச்சு நீங்க எப்பப் பாத்தீங்க?"

"பாத்ததில்ல."

"அப்ப இது பொய்யில்லாம என்ன?"

"பொய்யில்ல. மாறாதன்னுதானே எழுதியிருக்கேன். இல்லாதது எப்படி மாறும்?"

"உங்ககிட்டப் படிச்ச பிள்ளைங்க உருப்படாம போனதுல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சட்டையின் எண்ணுக்குக் கீழே ஒரு கட்டம்போட்ட குறி ஒட்டினார்கள். விருந்தினர் இறங்கியதும் கைபேசியால் அதைப் படம் பிடித்து நட்சத்திரம் போட வேண்டும். புன்னகைக்குத் தனி, கதைக்குத் தனி. பருவ முடிவில் சராசரி மூன்றுக்குக் குறைந்தவரின் எண் பறிபோகும். இதை விளக்க நடந்த கூட்டத்தில் காய்ஷியா எழுந்தாள்.

"மூஞ்சியத் துணி மூடியிருக்கு. சிரிச்சா யாருக்குத் தெரியும்?"

"கண்ணுல தெரியணும்" என்றார் பாங்.

"எங்க கண்ணுல மணல்தான் தெரியும்."

ஒட்டகக்காரப் பெண்கள் சிரித்தார்கள். பாங்கும் சிரித்தார், சிரித்துக்கொண்டே நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்து மரியாதைக்கு வந்தார். இனி மணலில் யாரும் யாரையும் அக்கா, அண்ணி, குண்டம்மா என்று கத்தக் கூடாது. குடும்பப் பெயரோடு மாஸ்டர் சேர்த்துக் கூப்பிட வேண்டும். லீ மாஸ்டர், சாங் மாஸ்டர். அவள் பக்கம் கை நீட்டி, "நீங்க சுவோ மாஸ்டர்" என்றார்.

பின்வரிசையில் ஒருவன் கர்ச்சீப்பை வாயில் திணித்துக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் ஒட்டகத்தை மண்டியிட வைக்கச் சொல்லும் சொல் 'சுவோ'. அதட்டிச் சொன்னால் போதும். முன்னங்கால் மடியும், பின்னங்கால் மடியும், வயிறு மணலில் படியும். அவள் குடும்பப் பெயருக்கும் அதற்கும் எழுத்து வேறு, ஓசை ஒன்றுதான். ஒட்டகத்துக்கு எழுத்து தெரியாது. அதனால், புருஷனோடு ஒட்டகம் ஓட்ட வந்த காலம் முதல் இருபத்து மூன்று வருடமாக மணலில் அவளை யாரும் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோபம் வந்தால்கூடக் காய்ஷியா என்றுதான் திட்டுவார்கள்.

"மேனேஜர் சார், மத்தவங்கள எப்படி வேணாக் கூப்பிடுங்க. என்னைய மட்டும் மணல்ல அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க."

"ஏன், மரியாதை பிடிக்காதா?"

"எனக்குப் பிடிக்கும். ஒட்டகத்துக்குத்தான் அதுக்கு வேற அர்த்தம்."

கூடம் வெடித்துச் சிரித்தது. உண்மையை இவ்வளவு நன்றாகச் சொல்லக் கூடாது. பாங் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டார். என்னிடம் கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. அதற்கு நட்சத்திரம் போட ஆள் இல்லை.

ஜூலையில் அவள் சராசரி இரண்டரைக்கு வந்தது. கதை கேட்ட ஒரு ஷாங்காய் அம்மாளிடம், "அது மணல். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மணல். கதை முடிஞ்சுது" என்றிருக்கிறாள். ஒட்டகம் ஏன் அழுகிறது என்று இன்னொருத்தி கண்ணீரோடு கேட்டாள். "மணல் விழுந்தா உங்க கண்ணுலயும் வரும். சும்மா வர்றது உங்களுக்குத்தான்" என்று பதில். இரண்டு பேரும் ஒற்றை நட்சத்திரம்.

அவளுக்குக் கோபம் வராத நாள் இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் வந்தது வேறு கோபம். "ஏறும்போது பிடிச்சு ஏத்தறேன். இறக்கத்துல பின்னாடி சாயச் சொல்றேன். இத்தனை வருஷத்துல ஒருத்தர் கை, கால் ஒடிஞ்சதில்ல. அதுக்கு ஒரு நட்சத்திரம் இருக்கா அந்தக் குறியில? இல்ல. பல்லுக்கு இருக்கு" என்றாள் என்னிடம். பலகைக்கு வாசகம் எழுதுகிறவனுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு பயண இணையதளத்திலிருந்து மூன்று பேர், எங்கள் பன்னிரண்டையும் பார்த்து எழுதுவதற்காக வந்தார்கள். பாங் தாமே அவர்களோடு சவாரி வந்தார். அன்று வரிசையில் அடுத்து நின்றது 64. வேறு எண்ணை மாற்றினால் வரிசை முறை கெட்டுவிடும். முறை அவர் கொண்டுவந்தது. அதனால் ஏறினார். முதல் மூன்று ஒட்டகத்தில் விருந்தினர், நான்காவது காலி, கடைசியில் பாங். ஆரஞ்சு நிறத் துணியுறைகளைக் காலில் முழங்கால் வரை கட்டிக்கொண்டு நால்வரும் வாத்துகளைப் போல இருந்தார்கள்.

முகடு தாண்டி இறங்கும்போது காற்று எழுந்தது. காய்ஷியா நடையை எட்டிப் போட்டாள். முன்னால் இருந்தவர் படம் எடுக்க முடியாமல் முனகினார். கடைசியிலிருந்து பாங் கத்தினார்.

"சுவோ மாஸ்டர்! மெதுவா!"

முதல் ஒட்டகத்தின் நடை தடுமாறியது. அவள் திரும்பி இரண்டு கைகளையும் வீசினாள். "கத்தாதீங்க!"

காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. கைவீசலை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். மரியாதையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அதட்டினார்.

"சுவோ! சுவோ!"

ஐந்தும் மண்டியிட்டன. இறக்கத்தில், முன்னங்கால் முதலில். விருந்தினர் மூவரும் கைப்பிடி வளையத்தைப் பிடித்திருந்ததால் ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பினார்கள். ஏறும்போதே காய்ஷியா அதட்டிப் பிடிக்க வைத்திருந்தாள். பாங் ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் அதிகாரத்தையும் பிடித்திருந்தார். ஒட்டகத்தின் தலைக்கு மேலாகப் போய் மணலில் விழுந்து, பன்னிரண்டில் இரண்டாவதான மணற்சறுக்கைச் சறுக்குப்பலகை இல்லாமலே செய்து முடித்தார். அடி ஒன்றும் இல்லை. வாயில் மட்டும் மணல்.

துப்பி முடித்ததும் முதல் வார்த்தை, "வேணும்னே பண்ணா."

மறுநாள் உத்தரவு வந்தது. சனிக்கிழமை காலை, வாயில் திறக்கும் முன், ஒட்டகங்களோடு எல்லாரும் அணிவகுத்திருக்கும்போது, ஒலிபெருக்கியில் அவள் தன் தவறை ஒப்புக்கொள்ளும் கடிதத்தைப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் 64 அன்றே ரத்து.

எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன்.

"எழுதுங்க. நான் பண்ண மொதல் தப்பு, எங்க அப்பனுக்குப் பொறந்தது."

"இப்படி எழுத முடியாது, காய்ஷியா."

"ரெண்டாவது தப்பு, முன்னாடியே சொன்னது. சொல்லாம இருந்திருந்தா தெரியாம நடந்துச்சுன்னு ஆயிருக்கும். சொன்னதால வேணும்னே ஆயிடுச்சு."

அதை எழுதினேன். அதைவிடச் சரியாக எனக்கு எழுத வராது.

"இதைப் படிச்சா எண்ண விட்டுடுவாரா?"

"தெரியல."

"படிக்கலன்னா?"

"போயிடும்."

அவள் முகத்துணியை இறக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு வாசல்ல உக்காந்தப்ப என்கிட்ட அஞ்சு ஒட்டகம் இருந்துச்சு. இப்ப ஒரு காகிதம்" என்றாள்.

சனிக்கிழமை நூற்றிருபது பேர், ஐந்தைந்தாக அறுநூறு ஒட்டகங்கள். பாங் மேடையில் நின்றார். காய்ஷியா ஒலிவாங்கியை வாங்கி நேராகக் கடிதத்துக்குப் போனாள்.

"முதல்ல பேரு" என்றார் பாங்.

"எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

"ஒப்புதல் கடிதம்னா பேரு சொல்லித்தான் ஆரம்பிக்கணும். அதுதான் முறை."

"வேணாம் சார். இங்க வேணாம்."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? முழுப் பேரு. சத்தமா."

அவள் ஒட்டகங்களைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். ஒட்டகக்காரர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள். அவள் ஒலிவாங்கியை உதட்டோடு வைத்து, பதினோரு வருடக் கோபத்தையும் அந்த ஒரு அசையில் ஏற்றினாள்.

"சுவோ!"

அறுநூறு ஒட்டகங்கள் மண்டியிடுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முதல் வரிசை, அடுத்த வரிசை என்று அலை போலப் போனது. புழுதி எழுந்து அடங்கியது. மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது மனிதர்கள் மட்டும்தான். அவர்களிலும் சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று தன் வாயில் போன மணலுக்கு யார் காரணம் என்று பாங்குக்கு அப்போதுதான் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"காய்ஷியா" என்று காய்ஷியா மெல்ல முடித்தாள். "மீதியப் படிக்கவா?"

"வேணாம்" என்றார் பாங்.

எண் தப்பியது. ஆனால் அலுவலகம் தன் தவறை ஒப்புக்கொள்வதற்கு எங்கள் ஊரில் ஒரே வழிதான் உண்டு: புது விதி. திங்கட்கிழமை நானே எழுதினேன். 'பாதுகாப்புக் கருதி, மணற்பகுதியில் 64ஆம் எண் பணியாளரைக் குடும்பப் பெயர் சொல்லி யாரும் அழைக்கக் கூடாது. எண்ணால் மட்டும் அழைக்கவும்.' எங்கள் ஊரின் பழைய ஏடுகளில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இருக்கும் பெயர் அது. புத்தர் குகைச் சுவர்களில் காணிக்கை கொடுத்தவர் வரிசையில் நிற்கும் பெயர். அதைச் சொல்லத் தடை செய்யும் பலகையை என் கையால் எழுதி, மேலே வழுவழுப்பான தாளையும் ஒட்டினேன்.

அவள் பலகைக்கு முன்னால் நின்று இரண்டு முறை படித்தாள். கழுத்து சிவந்தது.

"எண்ணக் குடுத்துட்டுப் பேரப் புடுங்கிட்டீங்க. ரெண்டும் ஒரு ஆளுக்கு இருக்கக் கூடாதோ?"

அவள் பலகையில் விரலை வைத்தாள்.

"வாத்தியாரே, 'யாரும் அழைக்கக் கூடாது'ன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"நானே சொல்லிக்கிட்டா?"

பலகையை இன்னொரு முறை பார்த்தேன். "அதப் பத்தி ஒண்ணும் எழுதல" என்றேன். என் வாழ்க்கையிலேயே உருப்படியாக விட்டுப்போன வரி அதுதான்.

மறுநாள் காலை முதல் சவாரிக்கு ஐந்து பேர் ஆரஞ்சுக் கால்களோடு வந்து நின்றார்கள். ஒட்டகங்கள் நின்றுகொண்டிருந்தன. காய்ஷியா முகத்துணியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டாள். எதிரே இருந்த எல்லாருக்கும் அவள் வாய் தெரிந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"என் பேரு," என்றாள், மேனேஜர் அறை ஜன்னல் வரைக்கும் கேட்கும்படி, "சுவோ! காய்ஷியா."

ஐந்தும் மண்டியிட்டன.

"ஏறுங்க. வளையத்தப் பிடிங்க. கதை கிடையாது."

திரும்பி இறங்கியதும் அந்த ஐந்து பேரும் ஐந்தைந்து நட்சத்திரம் போட்டார்கள், புன்னகைக்கும் சேர்த்து. அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபம், அந்தப் பருவத்திலேயே பெரியது.